உடம்பும் உயிரும்: காமம், காதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு மாடியில் சிலர் கூடித் திருக்குறளின் மூன்றாம் பாலை வாசிக்கிறோம். வாசிப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கும்போது யாராவது ஒருவர் செருப்பைத் தேடுவதுபோல் பின்தங்கி நிற்பார். அவருக்கு ஒரு கேள்வி இருக்கும். குறளில் தொடங்கும்; இரண்டாவது வாக்கியத்திலேயே அவருடைய வீட்டுக்குள் போய்விடும். அப்படித் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஐம்பது வருடமாக இந்த நூல்களோடு வாழ்ந்தவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

காமம் உடலைச் சேர்ந்தது, காதல் உள்ளத்தைச் சேர்ந்தது. இரண்டும் வேறுதானே?

இன்றைய பேச்சில் வேறுதான். காதல் என்றால் கவிதை, காமம் என்றால் முகச்சுளிப்பு. செய்தித்தாளில் காமம் என்ற சொல் வந்தால் அடுத்த சொல் பெரும்பாலும் கொடூரனாக இருக்கிறது.

பழைய தமிழில் இந்த வேலி கிடையாது. திருக்குறளின் 133 அதிகாரங்களில் கடைசி 25 அதிகாரங்களுக்குப் பெயரே காமத்துப்பால். அந்த 250 குறள்களில் காதலுக்கு ஒரு பகுதி, உடலுக்கு ஒரு பகுதி என்று பிரிக்கவே முடியாது. நான் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன்.

ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 113ஆவது அதிகாரத்தின் பெயர் 'காதற் சிறப்புரைத்தல்'. காதலின் சிறப்பைச் சொல்ல வந்த அதிகாரம். முதல் குறள் எப்படித் தொடங்குகிறது?

"பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி
வாலெயிறு ஊறிய நீர்."

அவளுடைய வெண்பற்களிடையே ஊறிய நீர், பாலோடு தேன் கலந்தது போல இருக்கிறதாம். முத்தம்தான். ஒளிவு மறைவே இல்லை. இதற்கு அடுத்த குறள்:

"உடம்பொடு உயிரிடை என்னமற்று அன்ன
மடந்தையொடு எம்மிடை நட்பு."

உடம்புக்கும் உயிருக்கும் இடையே என்ன உறவோ, அதுதான் இவளுக்கும் எனக்கும் இடையே உள்ள நட்பு என்கிறான். வாயின் ஈரத்திலிருந்து உயிருக்குப் போக அவனுக்கு ஒரு குறள்கூடத் தேவைப்படவில்லை. 1121 முடிந்ததும் 1122 வந்துவிடுகிறது. தமிழாசிரியராக எத்தனையோ ஆண்டுகள் இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தேன். முதலாவதோடு சேர்த்துப் படித்த நாளில்தான் இரண்டாவது எனக்குப் புரிந்தது.

'நட்பு' என்ற சொல்லையும் கவனியுங்கள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தலைவி, நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று தன் உறவை அளந்துவிட்டுக் கடைசியில் அதை "நாடனொடு நட்பே" என்றுதான் முடிக்கிறாள். தேவகுலத்தார் பாடியது. அந்தப் பெண் சொல்லும் நட்பில் உடலும் உண்டு.

அதே வள்ளுவர் காமத்தை ஒழிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாரே?

சொல்லியிருக்கிறார். 360ஆவது குறள்: "காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன் நாமம் கெடக்கெடும் நோய்." பெயரே இல்லாமல் போக வேண்டும் என்கிறார். அதே கை பின்னால் 1289இல், "மலரினும் மெல்லிது காமம் சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்" என்று எழுதுகிறது.

முரண்பாடு என்று நினைத்து அஞ்ச வேண்டாம். 360 வருவது துறவறவியலில், மெய்யுணர்தல் அதிகாரத்தில். உலகத்தை விட்டுப் போகத் துணிந்தவனிடம் பேசும் குறள் அது. அவனுக்கு எல்லா ஆசையும் கட்டு. காமமும் அதில் அடக்கம். 1289 பேசுவது வீட்டில் இருப்பவனிடம். நாம் செய்யும் தவறு, துறவிக்குச் சொன்னதை மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது. மனைவியைத் தொடுவதில் ஏதோ கீழ்மை இருக்கிறது என்று நம்பிக்கொண்டே தொடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் கடைசியில் அவமதிப்பாக மனைவி மேல்தான் இறங்குகிறது.

1289இல் 'சிலர்' என்ற சொல்லில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அதன் பக்குவமான நேரத்தை, பதத்தை அடைகிறவர்கள் சிலர்தான். உடலுறவு கொள்கிறவர்கள் கோடிப்பேர். அவர் அதைச் சொல்லவில்லை.

என் கணவருக்கு அது மட்டும்தான் வேண்டும். மற்ற நேரத்தில் பேசக்கூட மாட்டார். இதில் காதல் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள். ஒருவர் சொன்னதை மறக்க முடியவில்லை. இரவு பதினொரு மணி வரை கணவர் கூடத்தில் கைப்பேசியோடு இருப்பார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வருவார். ஒரு வார்த்தை கிடையாது. முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "என் முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது என்று கணக்குப் போட்டேன் டீச்சர். காலையில் காபி டம்ளரை வாங்கும்போதும் டம்ளரைத்தான் பார்க்கிறார்" என்றார்.

அன்றிரவு எனக்கு ஒரு குறள் நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது. பொருட்பாலில், வரைவின் மகளிர் அதிகாரத்தில் இருக்கிறது:

"பொருட்பெண்டிர் பொய்ம்மை முயக்கம் இருட்டறையில்
ஏதில் பிணந்தழீஇ அற்று."

பணத்துக்காகத் தழுவும் பெண்களின் பொய்த் தழுவல், இருட்டறையில் முன்பின் அறியாத ஒரு பிணத்தைத் தழுவுவது போன்றது. குறள் அந்தப் பெண்களைக் குற்றம் சொல்கிறது. அந்தப் பெண்களின் பக்கத்தில் நின்று அது யோசிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் உவமையை மட்டும் எடுத்துப் பாருங்கள். இருட்டறை. யாரென்று தெரியாத உடல். உயிர் இல்லாத தழுவல். தாலி கட்டிய வீட்டிலும் இந்த அறை இருக்க முடியும். அந்தச் சகோதரி சொன்னது அந்த அறையைத்தான். பிணமாக இருக்கும்படி ஆகிவிட்டது அவர்.

எனவே என் பதில் இது: உங்கள் கணவருக்கு உடலாசை அதிகம் என்பது உங்கள் துன்பம் இல்லை. அவர் தொடுவது உங்களைத்தானா என்று உங்களுக்குத் தெரியவில்லை, அதுதான் துன்பம். வள்ளுவரின் தலைவனும் உடலைத்தான் கொண்டாடுகிறான். "கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும் ஒண்தொடி கண்ணே உள" என்கிறான். அந்த வரிசையைப் பாருங்கள். முதலில் காண்கிறான். அடுத்து கேட்கிறான். சுவை, மணம் எல்லாம் வந்த பிறகு கடைசியில்தான் தொடுகை. உங்கள் வீட்டில் முதல் இரண்டும் விடுபட்டுப் போயிருக்கின்றன.

இதை அவரிடம் சொல்ல முடியுமானால், படுக்கையில் சொல்லாதீர்கள். பகலில், இருவரும் கை வேலையாக இருக்கும்போது சொல்லுங்கள். "உங்களுக்கு அது மட்டும்தான்" என்று தொடங்கினால் அவர் காதை மூடிக்கொள்வார். "விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போமா" என்று கேட்பது வேறு வகை. இதைச் செய்து பார்த்து மாற்றம் வந்தது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். எதுவும் மாறவில்லை என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு விருப்பமில்லாத நாளில் மறுப்பது மனைவியின் கடமையில் தவறுவதாகுமா?

ஆகாது. "எல்லா உயிர்க்கும் இன்பம் என்பது தான்அமர்ந்து வரூஉம் மேவற்றாகும்" என்கிறது தொல்காப்பியம். மனம் பொருந்தி வரும் விருப்பத்துக்குத்தான் அங்கே இன்பம் என்று பெயர். மனம் பொருந்தாத இடத்தில் நடப்பதற்கு அந்தப் பெயரைத் தர இலக்கணமே ஒப்பவில்லை.

சட்டம் இந்த அளவுக்கு இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு, மனைவி 18 வயது நிறைந்தவராக இருந்தால், கணவர் செய்வதை வன்புணர்ச்சி என்ற வரையறையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. அதன்கீழ் பாதுகாப்பு கேட்கலாம். வற்புறுத்தலும் அடியும் இருக்கும் வீட்டில் குறள் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மகளிர் உதவி எண் 181ஐ அழையுங்கள்.

எங்கள் வீட்டில் நேர்மாறு. அன்பு நிறைய இருக்கிறது, தொடுவதே இல்லை. இது உயர்ந்த நிலையா, குறையா?

இருவருக்கும் அதுவே போதும் என்றால் இரண்டும் இல்லை. உங்கள் வாழ்க்கை அது, யாரும் தலையிட வேண்டியதில்லை. ஒருவருக்குப் போதும், மற்றவர் விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்றால் அதைப் பேச வேண்டும்.

'ஆன்மிகமாகிவிட்டோம்' என்ற சொல்லுக்குப் பின்னால் பல நேரம் எளிய காரணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் ஆண்களின் இயலுமையைப் பாதிக்கும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் ஆசையையே மட்டுப்படுத்தும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வறட்சியால் பெண்ணுக்கு வலி வரும். வலிக்குப் பயந்து ஒதுங்குவாள். அவன் தன்னை வெறுக்கிறாள் என்று நினைப்பான். பிள்ளை பெற்ற பிறகு தூக்கமே இல்லாத மாதங்களில் ஆசை எங்கிருந்து வரும்? இவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் போனவர்கள், "இதற்காகவா நான்கு வருடம் ஒரே வீட்டில் விலகி இருந்தோம்" என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. உயர்ந்த காதல் என்ற பெயரில் உடலைத் தள்ளி வைப்பது சிலருக்குத் தண்டிக்கும் வழி. திட்டுவதில்லை, அடிப்பதில்லை, தொடுவதும் இல்லை. அதை அன்பு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. கட்டித் தழுவியிருந்த கையைச் சற்றே தளர்த்தியதும் அவள் நெற்றி நிறம் மங்கிப் பசந்துவிட்டது என்கிறான் குறளின் தலைவன்: "முயங்கிய கைகளை ஊக்கப் பசந்தது பைந்தொடிப் பேதை நுதல்." கை தளர்ந்த அந்த நொடியை உடல் அறிகிறது. ஆண்டுக்கணக்கில் விலகிய கையை அது அறியாமல் இருக்குமா?

பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணம். முன்பின் தெரியாதவரோடு முதல் இரவு. மனம் சேர்வதற்கு முன் உடல் சேர்வது சரியா?

சங்கப்பாட்டில் வழி தலைகீழ். குறுந்தொகை 40இல் அவன் கேட்கிறான்: என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம்? பிறகுதான் "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்று வருகிறது. கலந்தவை நெஞ்சங்கள். நாம் முன்பின் தெரியாத இருவரை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம், வெளியே உறவினர் கூட்டத்தை உட்காரவைத்துவிட்டு.

அன்றே எதுவும் நடந்தாக வேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்து தூங்கிவிடுங்கள். பத்து நாளோ இரண்டு மாதமோ ஆகட்டும். என் தோழி ஒருத்தி, திருமணமான முதல் வாரத்தில் கணவர் தன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லுவாள்: "உனக்குக் காற்றாடி எந்த வேகத்தில் ஓடினால் தூக்கம் வரும்?" நாற்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவள் முகம் மாறுகிறது.

பெண் தன் ஆசையைத் தானே சொல்லலாமா?

சொல்லலாமா என்ற தயக்கம் பின்னால் வந்தது. வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவரின் பாட்டு குறுந்தொகையில் 27ஆவது. நல்ல பசுவின் இனிய பாலைக் கன்றும் குடிக்கவில்லை, கறக்கும் பாத்திரத்திலும் விழவில்லை, வீணாக நிலத்தில் சிந்திப் போகிறது. அதுபோல் என் உடலின் அழகு எனக்கும் ஆகாமல், என் தலைவனுக்கும் உதவாமல், பசலை தின்று போகிறது என்கிறாள் அவர் பாட்டில் வரும் தலைவி. அந்தப் பாட்டில் அவள் தன் அல்குலைப் பெயர் சொல்லியே பேசுகிறாள். "எனக்கும் ஆகாது" என்பதுதான் முதலில் வருகிறது என்பதைப் பாருங்கள். அவனுக்கு உதவவில்லை என்பது இரண்டாவது குறைதான். தன் உடலின் இன்பம் முதலில் தனக்கு உரியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

காமத்துப்பாலிலும், திருமணத்துக்கு முந்தைய காதலைச் சொல்லும் களவியலுக்கு 7 அதிகாரம், மணவாழ்வைச் சொல்லும் கற்பியலுக்கு 18. கற்பியலின் குறள்களில் பெரும்பாலானவை தலைவியின் குரல். காத்திருக்கிறாள், ஏங்குகிறாள், கோபிக்கிறாள், கேட்கிறாள்.

இதில் எல்லாம் சமமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆசை மிகுந்தால் ஆண் மடலேறலாம். ஊரறியப் பனைமட்டைக் குதிரையில் ஏறிப் பெண் கேட்கலாம். பெண்ணுக்கு அது கிடையாது, கடல் போன்ற காமம் இருந்தாலும் மடலேறாமல் இருப்பதே பெண்ணின் பெருமை என்று 1137 சொல்கிறது. ஊடலைப் பாடும் சங்க மருதத்திணையில் தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வருவான், மனைவி ஊடுவாள், அதாவது கோபித்து விலகி நிற்பாள், பிறகு கதவு திறக்கப்படும். இதை அழகு என்று வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இப்போது அப்படி நடத்த மாட்டேன். வள்ளுவரும் அந்த வழியில் போகவில்லை. அவருடைய தலைவன் பரத்தையிடம் போவதாக ஒரு குறள்கூடக் காமத்துப்பாலில் இல்லை. அங்கே அவள் கோபிப்பது, அவன் தும்மியதற்கு.

தும்மியதற்கா? ஊடல் என்பது வெறும் விளையாட்டுதானா?

தும்மியதற்குத்தான். அவன் தும்முகிறான், அவள் வழக்கம்போல் வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாயாலேயே, "யார் நினைத்ததால் தும்மினீர்" என்று அழுகிறாள். அவன் பூச்சூடிக்கொண்டால், யாருக்குக் காட்டுவதற்காக என்று சீறுகிறாள். 'எல்லோரையும்விட உன்னை நேசிக்கிறேன்' என்று அவன் சொன்னால், "யாரைவிட, யாரைவிட" என்று பிடித்துக்கொள்கிறாள். புலவி நுணுக்கம் என்ற 132ஆவது அதிகாரம் முழுவதும் இப்படித்தான்.

ஆனால் வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். உடலும் உள்ளமும் பற்றிய உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் வள்ளுவரின் விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "உணலினும் உண்டது அறல்இனிது காமம் புணர்தலின் ஊடல் இனிது." சாப்பிடுவதைவிடச் சாப்பிட்டது செரிப்பது இனிது, காமத்தில் கூடுவதைவிட ஊடுவது இனிது. எவ்வளவு வீட்டுத்தனமான உவமை! விருந்து உண்டவனுக்கு இலையில் தெரிவது ஒரு சுகம். உண்டது உடம்பில் சேர்ந்து, மறுபடி பசி எடுப்பது இன்னொரு சுகம். செரிக்காமல் தின்றுகொண்டே இருப்பவனுக்கு விருந்தும் வேதனை.

ஊடல் செய்வது அதைத்தான். நீ எனக்கு எளிதாகக் கிடைத்துவிட்ட பொருளா, இன்னும் நான் தேடி வர வேண்டிய ஆளா என்ற கேள்வியை அது திரும்பவும் எழுப்புகிறது. ஊடியவளின் முன் நிற்கும்போது அவன் அவளுடைய மனத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. கை நீட்டினால் போதாது. அதன் பிறகு வரும் கூடலில் மனமும் கூட வருகிறது.

அளவும் சொல்லியிருக்கிறார். ஊடல் உப்பு மாதிரி. கொஞ்சம் நீண்டாலும் உப்புக் கூடிப்போன சமையல்தான். ஊடியவளைத் தேற்றாமல் விடுவது, ஏற்கெனவே வாடியிருக்கும் கொடியை வேரோடு அறுப்பது போல என்றும் சொல்கிறார். மூன்று நாள், ஐந்து நாள் பேசாமல் இருந்து சாதிக்கிறவர்கள் அதை ஊடல் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கணவர் வளைகுடாவில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். தினமும் பேசுகிறோம். உள்ளம் இணைந்திருந்தால் போதாதா?

போதும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்துகொண்டால் நான் என்ன சொல்ல? ஆனால் போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்காக வெட்கப்படாதீர்கள். பிரிவைப் பற்றித்தான் காமத்துப்பால் அதிகம் பேசுகிறது. 116ஆவது அதிகாரத்தின் முதல் குறளில் அவள் சொல்கிறாள்: போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதை, நீ வரும்வரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல். அவளுக்கு அன்பில் குறைவா? அவனை நெஞ்சில் வைத்திருக்கிறாள், அதனால் சூடாகச் சாப்பிட்டால் அவனுக்குச் சுட்டுவிடும் என்று பயப்படுகிறாள் இன்னொரு குறளில். அப்படி நெஞ்சில் வைத்தவளுக்கும் கைக்கு ஒரு கை வேண்டும். மாலை நேரம் வந்தால் நோய் மலர்கிறது என்று அழுகிறாள்.

விமானத்துக்குப் பணம் சேர்ப்பதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அடுத்த இடத்திலாவது வையுங்கள். நகைக்கு முன்னால் வையுங்கள்.

எனக்கு உடலாசையே இல்லை. யாரிடமும் தோன்றியதில்லை. நான் காதலிக்கத் தகுதி இல்லாதவளா?

தகுதி உண்டு. அப்படி இருக்கும் மனிதர்கள் உண்டு. நோய் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒன்றே ஒன்று: திருமணத்துக்கு முன் அந்த மனிதரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் இருவரும் தேவையில்லாமல் நோவீர்கள்.

கடவுளிடம் வைக்கும் அன்புதானே உடல் கலக்காத தூய அன்பு?

ஆண்டாளிடம் கேளுங்கள். மார்கழியில் எல்லோரும் பாடும் திருப்பாவையின் 30 பாசுரங்களோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கேள்வி வரும். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களுக்குள் போனால் வராது. "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று அவள் விசாரிப்பது கண்ணனுடைய வாயை. யாரிடம்? அந்த வாயில் வைத்து ஊதப்பட்ட சங்கிடம். திருப்பவளச் செவ்வாய் தித்தித்திருக்குமோ, சொல், என்று கெஞ்சுகிறாள். மனிதருக்கென்று என்னைப் பேசினாலே வாழமாட்டேன் என்றவள், தெய்வத்திடம் கேட்டது வாயின் மணமும் சுவையும். அதைக் கோயிலில் வைத்துப் பாடுகிறோம்.

திருமூலரும் ஒரு காலத்தில் உடம்பை இழுக்கு என்று எண்ணியிருந்தவர்தான். "உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்" என்று தாமே சொல்லி, அந்த உடம்புக்குள்ளேயே உறுபொருளைக் கண்டதாகத் திருத்திக்கொள்கிறார்.

இவ்வளவு இருந்தும் பள்ளியில் ஏன் எங்களுக்கு யாரும் நடத்தவில்லை?

நடத்தக் கூசினோம். நானும்தான். வீரமாமுனிவர் 1730இல் குறளை லத்தீனில் பெயர்த்தபோது முதல் இரண்டு பாலோடு நிறுத்திக்கொண்டார். அவர் துறவி, காரணம் இருந்தது. ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பில் மூன்றாம் பாலும் இருந்தது. அவரும் கிறித்தவப் பாதிரியார்தான். தமிழ் படித்துத் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒருமுறை பிளஸ் டூ மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், மூணாவது பால்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "கல்யாணம் ஆனதும் படிச்சுக்கோ" என்று சொல்லி உட்காரவைத்தேன். அவள் திருமணத்துக்குப் பிறகு பட்ட பாட்டை வேறொருவர் சொல்லிக் கேட்டேன். 'தான்அமர்ந்து வரூஉம் மேவல்' என்ற ஒரு தொடரை அன்று சொல்லிக் கொடுத்திருந்தால் அவளுக்கு ஒரு சொல்லாவது கையில் இருந்திருக்கும். அந்த மாடிக் கூட்டத்தை நான் தொடங்கியதற்கு அவள்தான் காரணம்.

வயதான பிறகு இதெல்லாம் தேவையா?

குறுந்தொகை 204இல் மிளைப்பெருங்கந்தன் காமத்தைப் பற்றி ஒரு படம் காட்டுகிறார். மேட்டுநிலத்தில் முளைத்த இளம்புல்லை, மெல்ல முடியாத முதிய பசு நாவால் தடவித் தடவி இன்புறுகிறது. தலைவனின் தோழனான பாங்கன் அவனை இடித்துரைக்கச் சொன்ன உவமை அது. நினைக்கும் அளவுக்குத்தான் காமம் என்று அடக்கப் பார்க்கிறான். ஆனால் அறுபது வயதைத் தாண்டிப் படிக்கும்போது எனக்கு அந்தப் பசுவின் மேல் பிரியம் வந்துவிட்டது. பல் போனாலும் நாவுக்குப் புல் தெரிகிறது.

சென்ற ஆண்டு கண்புரை அறுவைக்காக ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். எதிரே ஒரு முதிய தம்பதி. அவருக்கு முதல் நாள் அறுவை முடிந்திருந்தது. அந்த அம்மாள் கைகளைக் கழுவிவிட்டு வந்து, புடவைத் தலைப்பில் துடைக்காமல் காற்றில் உலர விட்டார். அவருடைய தாடையைப் பிடித்து மேலே நிமிர்த்தினார். கீழிமையை ஒற்றை விரலால் இழுத்து, ஒரு சொட்டு. "மூடிக்கோங்க" என்றார். கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றினார். ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடமும் அவர் கண்ணை மூடியபடி அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும் வளையலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தது. அது உடல் இன்பமா, உயிர்க் காதலா என்று என்னைக் கேட்டால் எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியாது.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

111ஆவது அதிகாரத்திலிருந்து. 'புணர்ச்சி மகிழ்தல்' என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பத்தே குறள். கடைசிக் குறள், படிக்கப் படிக்க நம் அறியாமை தெரிவதுபோல, நெருங்க நெருங்க அவளிடம் புதிது புதிதாகக் காமம் தோன்றுகிறது என்கிறது. பிறகு 113. பிறகு மாலைப் பொழுதைப் பற்றிய 123. கடைசியாக 132. முடிந்தால் இருவரும் சேர்ந்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்கும்படி.

132இல் 1315ஆவது குறள் வரும்போது நிறுத்துங்கள். "இந்தப் பிறப்பில் உன்னைப் பிரியமாட்டேன்" என்று அவன் சொல்கிறான். அவள் கண் நிறைய நீர் கொண்டாள். ஏன் அழுதாள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள். உரையைப் புரட்டுவதற்கு முன்.